த்ரோ-இன்: பந்துக்கு உயிர் உண்டு, கடிகாரம் நின்றிருக்கும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளி மைதானம். சிமெண்ட் போட்ட கூடைப்பந்து கோர்ட். ரிங்குக்குப் பின்னால் இருக்கும் எல்லைக்கோடுதான் எண்ட்லைன். ஒரு எண்ட்லைனுக்குப் பின்னால் காம்பவுண்டு சுவர், மறுபக்கத்து எண்ட்லைனுக்குப் பின்னால் வேப்பமரம். நான் அப்போது பிளஸ் டூ. கணுக்கால் சுளுக்கியிருந்ததால் என்னை ஆட விடாமல், டேபிளில் உட்காரவைத்து ஸ்டாப் வாட்ச்சைக் கையில் கொடுத்துவிட்டார் பி.இ.டி. சார்.

ஆட்டம் முடிய மூன்று விநாடி. ஒரு பாயிண்ட் பின்தங்கியிருந்த அணிக்குச் சுவர்ப் பக்கத்தில் த்ரோ-இன், அதாவது கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே போடும் வாய்ப்பு. அந்தப் பையன் பந்தைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், கோர்ட்டின் மறுகோடிக்கு வீசினான். பந்து அவன் விரலை விட்டுக் கிளம்பிய நொடியில் நான் பொத்தானை அழுத்தினேன். உள்ளே இருந்த ஒன்பது பேர் தலைக்கும் மேலே பறந்த பந்து எவர் கையிலும் படாமல் வேப்பமரத்தடியில் போய் விழுந்தது. விசில். என் வாட்ச்சில் ஒரு விநாடிதான் மிச்சம்.

புதுச்சேரியிலிருந்து வந்திருந்த ரெஃப்ரி நேராக டேபிளுக்கு வந்தார்.

"எப்ப அழுத்துன தம்பி?"

"பந்தை விட்டதும் சார்."

"விட்டவன் வெளிய நிக்கிறான்பா. வெளிய நடக்குறதுக்கு டைம் ஓடாது. உள்ள ஒருத்தன் மேல பட்டாத்தான் ஓடும். மூணு செகண்டையும் திருப்பி வை."

அடுத்து அவர் செய்ததைப் பார்த்துத்தான் கூட்டம் கொதித்தது. பந்தை எதிரணியிடம் கொடுத்தார். கொடுத்த இடம் வேப்பமரப் பக்கம் இல்லை. த்ரோ-இன் எங்கே போட்டார்களோ அதே சுவர்ப் பக்கம், எதிரணி கூடை போட வேண்டிய ரிங்குக்குப் பக்கத்திலேயே. "அங்க வெளிய போன பந்தை இங்க ஏன் சார் கொடுக்குறீங்க?" என்று த்ரோ-இன் போட்ட அணியின் கோச் கத்தினார். ரெஃப்ரி சொன்ன இரண்டும் சரி. இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பது, விதிப்புத்தகத்தைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

காரணம் இதுதான். த்ரோ-இன் போடுபவர் கையில் பந்து வந்தவுடன் அது உயிருள்ள பந்து. அந்த நேரத்தில் ஃபவுல் நடக்கலாம், வயலேஷன் (பந்தை எதிரணிக்கு இழக்க வைக்கும் விதிமீறல்) நடக்கலாம். ஆனால் ஆட்டக் கடிகாரம் நின்றபடியே இருக்கும். கோர்ட்டுக்குள் இருக்கும் ஓர் ஆட்டக்காரர் மேல் பந்து பட்டால், அல்லது அவர் விதிப்படி அதைத் தொட்டால்தான் கடிகாரம் புறப்பட வேண்டும். இந்த இடைவெளி சில நேரம் அரை விநாடி, சில நேரம் ஐந்து விநாடி. கூடைப்பந்தின் சண்டைகளில் பெரும்பகுதி இந்த இடைவெளிக்குள்தான் பிறக்கிறது. அதற்குள் நேரத்தைக் கணக்கெடுப்பது ரெஃப்ரியின் கை மட்டும். ஐந்து விநாடிக்குள் பந்து கையை விட்டுப் போக வேண்டும். உள்ளங்கையை அசைத்து அசைத்து அவர் எண்ணுவது அதைத்தான். அந்த ஐந்துக்கும் டேபிளில் ஓடும் கடிகாரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

என் ஸ்டாப் வாட்ச் கதைக்கு வருவோம். பந்து யாரையும் தொடவில்லை. எனவே விதியின் கண்ணில் நேரமே கழியவில்லை. மூன்று விநாடியும் அப்படியே இருக்கிறது. த்ரோ-இன் போட்டவர், விட்ட பந்து கோர்ட்டுக்குள் யார் மேலும் படாமல் வெளியே போகும்படி செய்தது ஒரு த்ரோ-இன் வயலேஷன். த்ரோ-இன் வயலேஷனுக்குத் தண்டனை, அது எங்கிருந்து போடப்பட்டதோ அங்கேயே எதிரணிக்குப் பந்து. ரிங் மாட்டிய போர்டுக்கு நேர் பின்னால் மட்டும் கொடுக்க மாட்டார்கள், கொஞ்சம் தள்ளிக் கொடுப்பார்கள். ஆக, நீளமாக வீசிப் பார்ப்பது என்பது, தவறினால் எதிராளியைத் தன் ரிங்குக்கு அடியிலேயே கொண்டுவந்து நிறுத்துகிற பந்தயம். வீசிய பந்து யாராவது ஒருவர் விரல் நுனியில் உரசியிருந்தால் கதையே வேறு: கடிகாரம் ஓடியிருக்கும், வெளியே போன இடத்தில்தான் அடுத்த த்ரோ-இன்.

ஐந்து விநாடி என்ற எண்ணின் வயது, விளையாட்டின் வயதேதான். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதிய பதின்மூன்று விதிகளில் ஒன்பதாவது இது. வெளியே போன பந்தை உள்ளே போட ஐந்து விநாடி, அதற்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்கு. அந்தப் பதின்மூன்றில் ஷாட் கிளாக் (ஒரு அணி கூடைக்கு எறிய வேண்டிய இருபத்துநான்கு விநாடிக் கெடு) இல்லை, தன் பாதியான பின்கோர்ட்டிலிருந்து பந்தை மறுபாதிக்குக் கொண்டுபோக எட்டு விநாடி என்பது இல்லை, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதுகூட இல்லை. விளையாட்டு எப்படியெல்லாமோ மாறிவிட்டது. அந்த ஐந்து மாறவில்லை. அன்று வெளியே போன பந்தை முதலில் யார் எடுக்கிறாரோ அவருக்கே த்ரோ-இன். எல்லைக்கோட்டுக்கு வெளியே எத்தனை அடிதடி நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடைசியாகத் தொட்டவரின் எதிரணிக்கு என்பது அதன் பிறகு வந்த ஏற்பாடு.

இப்போது கோட்டைப் பற்றி. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வாலிபால் ஆடிவிட்டுக் கூடைப்பந்துக்கு வருகிறார்கள். வாலிபாலில் கோட்டில் விழுந்த பந்து உள்ளே. கூடைப்பந்தில் எல்லைக்கோடு கோர்ட்டைச் சேர்ந்ததே இல்லை, கோடு வெளியே. பந்தைத் தட்டிக்கொண்டு வருபவர் கோட்டை மிதித்தால் அவுட் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே விதியை த்ரோ-இன் போடுபவருக்குத் திருப்பிப் பார்க்கத்தான் மறந்துவிடுகிறோம். கோடு வெளியே என்றால், வெளியே நிற்க வேண்டியவர் கோட்டை மிதிக்கலாம். கையில் பந்தோடு கோட்டைத் தாண்டிக் கோர்ட்டுக்குள் காலை வைத்தால்தான் வயலேஷன். "லைனை மிதிச்சுட்டான் சார்" என்று பெஞ்சிலிருந்து எழும் குரலுக்கு விசில் ஊதிய ரெஃப்ரிகளையும் பார்த்திருக்கிறேன். அது பிழை. அந்தப் பிழையால் ஒரு அணி பந்தை இழக்கிறது.

நடப்பதற்கும் கணக்கு உண்டு. ரெஃப்ரி காட்டிய இடத்திலிருந்து பக்கவாட்டில் மொத்தம் ஒரு மீட்டருக்கு மேல் நகரக் கூடாது. நேர் பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம், இடம் இருக்கும்வரை. கூடை விழுந்த பிறகு போடும் த்ரோ-இன்னுக்கு மட்டும் இந்தக் கட்டு இல்லை. எண்ட்லைனுக்குப் பின்னால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடலாம், பின்னால் நிற்கும் கூட்டாளிக்குப் பாஸும் கொடுக்கலாம். ஐந்து விநாடி மட்டும் புதிதாகத் தொடங்காது. முதல் ஆள் கைக்குப் பந்து வந்தபோது தொடங்கியதே தொடரும். கூடை விழுந்த பிறகு போடும் த்ரோ-இன்னா, விசிலுக்குப் பிறகு ரெஃப்ரி பந்தைக் கையில் கொடுத்த த்ரோ-இன்னா என்று தெரியாமல் எண்ட்லைனில் ஓடத் தொடங்கி வயலேஷன் வாங்கும் பையன்கள் ஒவ்வொரு டோர்னமென்ட்டிலும் உண்டு. பந்தைக் கொடுக்கும்போதே ரெஃப்ரி விரலால் இடத்தைச் சுட்டிக் காட்டிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

பின்னால் போகலாம் என்றேன். நம்மூர் கோர்ட்டுகளில் பின்னால் என்ன இருக்கிறது? முழு அளவு கோர்ட் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். சுற்றிலும் 2 மீட்டர் காலியிடம் வேண்டும் என்பது விதி. பள்ளிக்கூடத்து இடநெருக்கடியில் அந்த 2 மீட்டரைச் சுவரோ, சைக்கிள் ஸ்டாண்டோ, மரமோ, வாய்க்காலோ விழுங்கிவிடுகிறது. இதையும் யோசித்தே விதி எழுதியிருக்கிறார்கள். கோட்டுக்கும் தடுப்புக்கும் நடுவே 2 மீட்டருக்குக் குறைவாக இருந்தால், த்ரோ-இன் போடுபவரிடமிருந்து மற்றவர்கள் ஒரு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். சுவரில் முதுகு ஒட்ட நிற்கும் பையனின் மூக்குக்கு நேரே எதிராளி கைகளை விரித்து நின்றால், அவனால் எப்படிப் பந்தை உள்ளே போட முடியும்? பெரிய அரங்கங்களில் ஆடுபவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறைகூடத் தேவைப்படாத விதி நமக்கு வாராவாரம் தேவைப்படுகிறது. நான் ரெஃப்ரியாகப் போகும் கோர்ட்டில் சுவர் நெருக்கமாக இருந்தால், ஆட்டத்துக்கு முன்பே அந்த எண்ட்லைனுக்கு உள்ளே ஒரு மீட்டரில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்து, இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டுக் காட்டிவிடுவேன். பிறகு வாக்குவாதத்துக்கு இடமில்லை.

தடுப்பவர் எப்போதும் எல்லைக்கோட்டைத் தாண்டி உடம்பின் எந்தப் பாகத்தையும் நீட்டக் கூடாது, பந்து கோட்டைக் கடந்து உள்ளே வரும்வரை. சரி, போடுபவர் கையை நீட்டும்போது பந்தோடு அவர் கை கோர்ட்டுக்கு மேலே வந்துவிட்டால்? அமெரிக்கப் பள்ளி விதிப்படி எதிராளி அந்தப் பந்தைத் தட்டலாம். இந்தியாவில் நாம் பின்பற்றும் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிப்படி கூடாது. போடுபவர் கையில் பந்து இருக்கும்வரை, அந்தக் கை கோர்ட்டுக்கு மேலே நீண்டிருந்தாலும், விலகியிருக்க வேண்டிய பொறுப்பு தடுப்பவருடையது. யூடியூபில் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து ஆடப் பழகிய பிள்ளைகள் அதிகம் இடறுவது இங்கேதான்.

அதே காணொளிகள் கெடுக்கும் இன்னொரு பழக்கமும் உண்டு. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் த்ரோ-இன் போடுபவர் யாரும் கிடைக்காமல் தவிக்கும்போது டைம் அவுட் கேட்டுத் தப்பிக்கிறார். ஃபிபா விதியில் அதற்கு வழி இல்லை. டைம் அவுட்டைக் கோச் டேபிளில் கேட்க வேண்டும், அதுவும் பந்து போடுபவர் கைக்குப் போவதற்கு முன்பே. பந்து கைக்கு வந்த பிறகு வாய்ப்பு மூடிக்கொண்டது. ஐந்து விநாடி ஓடிக்கொண்டிருக்கும்போது கைகளால் டி போட்டுக் காட்டும் பையனுக்கு ரெஃப்ரி எதுவும் தர முடியாது, அடுத்த எண்ணைத் தவிர.

கடைசி இரண்டு நிமிடத்தில் இந்த விதிகளின் விலை ஏறுகிறது. நான்காவது குவார்ட்டரிலோ கூடுதல் நேரத்திலோ கடிகாரம் இரண்டு நிமிடமோ அதற்குக் குறைவோ காட்டும்போது, பந்தைக் கொடுக்கும் முன் ரெஃப்ரி கோட்டின் மேல் கையை அசைத்து எச்சரிக்கைச் சைகை காட்டுவார். அதன் பிறகு தடுப்பவர் கோட்டைத் தாண்டிக் கையை நீட்டித் த்ரோ-இன்னைக் கெடுத்தால் நேரடியாக டெக்னிக்கல் ஃபவுல் (ஆள் மேல் மோதாமல் செய்யும் தவறுக்கான ஃபவுல்). இதே கட்டத்தில், பந்து இன்னும் ரெஃப்ரி கையிலோ போடுபவர் கையிலோ இருக்கும்போதே உள்ளே ஒருவரைத் தடுப்பவர் பிடித்து இழுத்தால், 2022 விதிகளின்படி ஒரு ஃப்ரீ த்ரோவும் (யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு) பந்தும் அந்த அணிக்கே. இந்தத் தண்டனை நியாயமானது என்பேன். கடிகாரம் நின்றிருக்கும்போது ஃபவுல் செய்தால் ஒரு நொடிகூடச் செலவாகாமல் எதிராளியின் ஏற்பாட்டைக் கலைத்துவிடலாம். இலவசமாகக் கிடைத்த அந்த ஆதாயத்துக்குத்தான் விதி விலை வைத்திருக்கிறது.

கடிகாரத்தைப் புறப்பட வைப்பது ஆட்டக்காரரின் தொடுகை. தரை இல்லை. இதை நன்றாகப் புரிந்துகொண்ட அணிகள் பின்தங்கியிருக்கும்போது பந்தை உள்ளே உருட்டிவிடுவார்கள். பந்து தரையில் உருண்டு உருண்டு வரும், கூட்டாளி தொடாமல் பக்கத்திலேயே நடப்பார், கடிகாரம் நிற்கும். சுற்றியிருப்பவர்கள் "டைமைப் போடு, டைமைப் போடு" என்பார்கள். டைம் கீப்பர் போடக் கூடாது. எதிராளி ஓடிவந்து தொட்டாலும் சரி, கூட்டாளி குனிந்து எடுத்தாலும் சரி, அந்த நொடியில் ஆட்டக் கடிகாரம் புறப்படும். போட்ட அணியின் வசமே பந்து இருந்தால் இருபத்துநான்கு விநாடி ஷாட் கிளாக்கும், பின்கோர்ட்டில் என்றால் எட்டு விநாடிக் கணக்கும் அதே தொடுகையில் ஒன்றாகத் தொடங்கும். தொட்டவர் எதிராளி என்பதால் ஷாட் கிளாக் காத்திருக்காது.

விதிப்படி தொடுவது என்ற சொல்லுக்கும் கனம் உண்டு. உள்ளே வரும் பந்தைத் தடுப்பவர் வேண்டுமென்றே காலால் உதைத்தால் அது விதிமீறல். தொட்டாயிற்று என்று கடிகாரம் ஓடக் கூடாது. இல்லையென்றால், முன்னிலையில் இருக்கும் அணி ஒவ்வொரு த்ரோ-இன்னையும் உதைத்தே மிச்ச நேரத்தைத் தின்றுவிடும்.

இன்னொரு தந்திரம் பார்க்க அழகானது. தடுப்பவர் முதுகைக் காட்டி நின்றால், போடுபவர் அவர் முதுகில் பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு, உள்ளே காலை வைத்துத் தானே பிடித்துக் கூடை போடலாம். இன்னொருவர் மேல் பட்டுவிட்டதால் இது சரி. முதுகில் பட்ட நொடியிலேயே கடிகாரம் புறப்பட்டுவிட்டது. அவசரத்தில், இரண்டு காலும் வெளியே இருக்கும்போதே பிடித்துவிட்டால் பந்து அவுட். வெளியே நின்று தொட்டவர் அவரே என்பதால் பந்து எதிரணிக்கு.

டைம் கீப்பர் எதைப் பார்க்க வேண்டும்? தொடுகை நடந்ததும் ரெஃப்ரி உயர்த்திய கையை வெட்டுவதுபோல இறக்குவார். அந்தக் கையைப் பார்த்து அழுத்து என்றுதான் பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மனிதக் கண் ஒன்றைப் பார்த்து விரல் அசையக் கால் விநாடிக்கு நெருக்கமாக ஆகிறது. ரெஃப்ரி பார்த்துக் கை இறக்க ஒரு கால் விநாடி, அதைப் பார்த்து நீ அழுத்த இன்னொரு கால் விநாடி. மூன்று விநாடி பாக்கியிருக்கும் ஆட்டத்தில் அரை விநாடி போய்விட்டது. பந்தைப் பார், உள்ளே நிற்பவர் விரலைப் பார். நடுவில் ஆள் மறைத்தால் மட்டும் ரெஃப்ரி கையை நம்பு.

கால் விநாடி சின்ன விஷயம் இல்லை. 1990 ஜனவரி 15 அன்று நியூயார்க் நிக்ஸ் அணியின் டிரென்ட் டக்கர், சிகாகோ புல்ஸுக்கு எதிராக 0.1 விநாடி மட்டும் மீதியிருக்கும்போது த்ரோ-இன்னைப் பிடித்து, திரும்பி, மூன்று பாயிண்ட் ஷாட் போட்டு ஜெயித்தார். பத்தில் ஒரு விநாடியில் மனிதனால் பிடித்து எறிய முடியாது. கடிகாரம் தாமதமாகப் புறப்பட்டிருந்தது. அடுத்த சீசனிலேயே என்.பி.ஏ. விதி கொண்டுவந்தது. ஃபிபாவிலும் இன்று அதே அளவுதான். கடிகாரம் 0.3 அல்லது அதற்கு மேல் காட்டினால் பிடித்துப் போடலாம். 0.2, 0.1 என்றால் வரும் பந்தை அப்படியே தட்டிவிடலாம், அல்லது நேரடியாக டங்க் செய்யலாம், அதாவது ரிங்குக்குள் மேலிருந்து திணிக்கலாம். பிடித்துப் போட்டது செல்லாது. 2004 மே மாதம் லேக்கர்ஸ் அணியின் டெரெக் ஃபிஷர், ஸ்பர்ஸுக்கு எதிராக 0.4 விநாடியில் பிடித்துத் திரும்பிப் போட்டு 74-73 என ஜெயித்தார். ஸ்பர்ஸ் முறையிட்டும் பலிக்கவில்லை. விதி வைத்த வரம்புக்குப் பத்தில் ஒரு விநாடி இந்தப் பக்கம் நின்றது அந்த ஷாட்.

எல்லாவற்றிலும் பெரிய த்ரோ-இன் சர்ச்சை 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டம். மூன்று விநாடி பாக்கி. டக் காலின்ஸின் ஃப்ரீ த்ரோக்களால் அமெரிக்கா 50-49. சோவியத் அணி த்ரோ-இன் போட, ஒரு விநாடி மீதியிருக்கும்போது டேபிளில் நடந்த அமளியைப் பார்த்து ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தினார். டைம் அவுட் கேட்டோம், கொடுக்கவில்லை என்பது சோவியத் தரப்பு வாதம். ஃபிபா பொதுச்செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கி வந்து, மூன்று விநாடியைத் திருப்பி வைக்கச் சொன்னார். கடிகாரத்தைச் சரிசெய்து முடிப்பதற்குள்ளேயே பந்து போடுபவர் கைக்குப் போய்விட்டது, ஹாரன் ஒலித்தது, அமெரிக்கர்கள் கொண்டாடினார்கள். அதுவும் செல்லாது என்று மூன்றாவது முறை. இவான் எடெஷ்கோ கோர்ட்டின் முழு நீளத்துக்கு வீச, அலெக்ஸாண்டர் பெலோவ் பிடித்துப் போட்டார். 51-50. அமெரிக்க அணி வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே இல்லை.

அந்த மூன்றாவது த்ரோ-இன்னில் எடெஷ்கோவின் முன்னால் நெட்டையான டாம் மெக்மில்லன் நின்றிருந்தார். ரெஃப்ரி தன்னைப் பார்த்துச் சைகை காட்டியதால் டெக்னிக்கல் வந்துவிடுமோ என்று பின்வாங்கியதாக அவர் சொல்லியிருக்கிறார். அவர் விலகியதும் எடெஷ்கோவுக்கு முன்னால் திறந்த வெளி. எடெஷ்கோ கோட்டை மிதித்தார் என்றும் அமெரிக்கத் தரப்பில் சொல்வார்கள். இன்றைய ஃபிபா விதிப்படி கோட்டை மிதித்தது குற்றமில்லை. என் பார்வையில் அங்கே நடந்த பெரும் பிழை வேறு: டேபிள் தயாராகாமல் பந்தைக் கொடுத்தது. பந்து கைக்குப் போன கணம் உயிர் வந்துவிடுகிறது. அதன் பிறகு கடிகாரத்தைத் தேடக் கூடாது. கொடுக்கும் முன் ரெஃப்ரி டேபிளைத் திரும்பிப் பார்க்க வேண்டும், டைம் கீப்பர் கட்டைவிரலை உயர்த்த வேண்டும். மியூனிக்கில் நடந்ததை எந்தப் பள்ளி மைதானத்திலும் இரண்டு விநாடி பொறுமையால் தவிர்த்துவிடலாம்.

ஸ்டாப் வாட்ச் வைத்து நடத்தும் ஆட்டத்தில் 0.3 விதியை என்ன செய்வது என்று கேட்பார்கள். கோர்ட்டில் இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரியாத கடிகாரத்தை வைத்து அவர்கள் ஷாட்டைச் செல்லாது என்பது எனக்கு ஒப்பவில்லை. ஒரு விநாடிக்குக் குறைவாக இருந்தால் வாட்ச்சை நானே வாங்கிப் பார்த்து, இரண்டு கேப்டன்களிடமும் எண்ணைச் சத்தமாகச் சொல்லி, பிடிக்கலாமா தட்ட மட்டுமா என்பதையும் சொல்லிவிட்டுத்தான் பந்தைக் கொடுப்பேன்.

போன மாதம் டேபிளுக்குப் புதிதாக வந்த பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள் கேட்டாள்: "சார், த்ரோ-இன் பந்து உள்ள நிக்கிற ரெஃப்ரி மேல பட்டுட்டா?"

நல்ல கேள்வி. கோர்ட்டுக்குள் நிற்கும் ரெஃப்ரி, விதியின் கணக்கில் அவர் நிற்கும் இடத்துத் தரைதான்.

"அழுத்தாதம்மா. அடுத்து யார் தொடுறாங்கன்னு பாரு."

"உங்க மேல பட்டாலுமா சார்?"

"என் மேல பட்டாலும்தான்."